முப்பத்தொரு கூடை மண்

மகன் வீட்டுப் பின்புறச் சரிவில் மீன் வளர்க்க ஒரு சின்னக் குளம் கட்டுகிறார்கள். மட்டத்தைச் சரிபார்க்கும்படி கொத்தனாரிடம் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொன்னதும் நாற்காலியை நிழலில் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டார்கள். மட்டம் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர். அந்த வருடம் அம்மா முதுகுக் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். ஊர்க் குளத்துக்கு அவள் குளிக்கப் போகையில் துண்டு சுமப்பது நான். படித்துறைக்குப் பதினான்கு படி. முன்பெல்லாம் பதினான்கும் இறங்கி, வரும்போது ஆம்பல் பறித்து வருவாள். இப்போது ஒன்பதாவது படியில் நின்றாள். பிறகு நான்காவதில். கார்த்திகைக்குப் பிறகு போகவே இல்லை. படிகளை எண்ணியதோடு என் வேலை முடிந்தது.

அப்போதுதான் அப்பா வீட்டுக்குப் பின்னால் மலையடிச் சரிவில் ஒரு குளம் கட்டத் தொடங்கினார். அவர் வயல்காரர். வயல் சமமாகக் கிடக்கும், வரப்பைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் போட்டால் தண்ணீர் நிற்கும். அதே வழக்கத்தில் சரிவிலும் நான்கு பக்கமும் நான்கு வரி கல் வைத்தார். எண்ணிச் சரிபார்த்தது நான். ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாற்பத்தாறாவது குடம் ஊற்றியபோது தண்ணீர் கீழ்ப்பக்கச் சுவரில் வழிந்து வாழைகளுக்கு ஓடியது. மேல்பக்கம் காய்ந்து கிடந்தது. தோவாளையிலிருந்து வந்திருந்த மாமாவுக்குக் கொண்டாட்டம்.

“என்ன அத்தான், குளம் கெட்டினியளா, வாழைக்கு வாய்க்கா வெட்டினியளா?”

“சிரிக்காதடே. வரி எண்ணினது உன் மருமவனாக்கும்.”

மறுநாள் அப்பா கீழ்ப்பக்கம் மட்டும் மூன்று வரி ஏற்றினார். தண்ணீர் நின்றது. அம்மா மெதுவாக வந்து அந்த உயரச் சுவரில் முழங்கைகளை ஊன்றினாள். குனியாமலே தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள், ஐந்து முறை. அப்பா கொத்துக்கரண்டியைக் கழுவ மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் ஒரு ஆம்பல் கிழங்கு கொண்டுவந்து நட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு பக்கம் நான்கு வரி, இன்னொரு பக்கம் ஏழு! போதாததற்கு, நான் வாய்க்காலில் பிடித்து விட்ட ஒன்பது கெண்டைக்குஞ்சுகளும் ஆழம் தேடிக் கீழ்ப்பக்கமே கிடந்தன. அங்கே சுவர் என் மூக்குவரை இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண் சுமந்து சுவரடியில் கொட்டி மிதித்தேன். முப்பத்தொரு கூடை. ஏறி நின்றால் மீன்களை எண்ண முடிந்தது.

ஞாயிறு மாலை அம்மாவும் அதில் ஏறி நின்றாள். முழங்கை சுவரில் ஊன்றவில்லை, கை தண்ணீருக்கு எட்டவில்லை. கொஞ்சம் குனிந்து பார்த்தாள். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நல்லாத்தான் போட்டிருக்க மக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தபோது மண் முழுவதையும் அப்பா வெட்டி வாழைக்குப் போட்டிருந்தார்.

“முப்பத்தொண்ணு கூடைப்பா!”

“தெரியும் மக்கா. இது அம்மைக்க பக்கமாக்கும். உனக்கு முக்காலி கொண்டாந்து போடுதேன்.”

முக்காலி வந்தது. மூன்று நாள் அதில் ஏறவில்லை, அவரோடு பேசவும் இல்லை.

அதன்பின் அம்மா தினமும் காலையில் அந்தச் சுவரடியில்தான் நின்றாள். ஒருநாள் துண்டை எடுத்துக்கொண்டு போய், “குளத்துக்குப் போவாண்டாமா?” என்று கேட்டேன்.

“குளந்தான் இங்கன வந்துட்டே மக்கா” என்றாள்.

பதினான்கு படி இறங்க அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றும், அதற்கு அப்பா இடம் கொடுக்கிறார் என்றும் முழுப் பரீட்சை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.