தையல்கார அக்காவும் ஒரு டப்பா லைட்டரும்

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் கணவர் லாரி ஓட்டியவர். தீர்ந்துபோன லைட்டரைத் தூக்கிப் போட அவருக்கு மனசே வராது. "அதுல இன்னும் கேஸ் இருக்கு" என்பார். கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தார். நுரையீரல் கெட்டு, வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வந்த அன்று, அதை மாட்ட வந்தவர் டப்பாவைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் வெளிய போனாத்தான் மாட்டுவேன். ஆக்சிஜன் ஓடுற இடத்துல ஒரு பொறி போதும்மா, கட்டிலோட எரிஞ்சிடுவாரு. சாயங்காலம் வர்றேன்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர் பக்கத்தில் மகளை உட்கார வைத்துவிட்டு டப்பாவோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

குப்பை வண்டிக்காரம்மா கும்பிடு போட்டாள். "போன வாரம் வண்டிக்குள்ள ஒண்ணு வெடிச்சு என் புருவமே போச்சு. ஆளை விடுக்கா."

லைட்டர் விற்ற கடைக்காரர், "எனக்கு விக்கத்தான் தெரியும்" என்று பல்லைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டப்பாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்காதான் இழுத்து வந்தாள்.

தீயணைப்பு நிலையத்திலும் வாங்கவில்லை. ஆனால் ஒருவர் வழி சொன்னார்: "நெருப்பு இல்லாத திறந்த வெளியில, சக்கரத்தைத் தொடாம, பொத்தானை மட்டும் அமுக்கி, அது அமுங்கியே இருக்க ரப்பர் பேண்டு போட்டுடுங்க. சத்தம் நின்னதும் ஒரு நாள் அப்படியே விட்டு, தனிப் பையில போட்டு, காலின்னு சொல்லிக் குப்பை வண்டியில குடுங்க."

மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கினோம். ஒன்றிரண்டில் ஸ்ஸென்று காற்று போனது. "அவரு மூச்சு மாதிரியே இருக்கு" என்று சொல்லி அக்கா அழுதாள். நான் அடுத்த லைட்டரை எடுத்தேன்.

சாயங்காலம் மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. தலையணையைச் சரிசெய்யப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டாள். உறைக்குள் ஒரு லைட்டர். புத்தம் புதுசு.

"சும்மா கையில வச்சிருக்கத்தான். சத்தியமா பீடி பத்த வைக்க மாட்டேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதையேதானே சொல்றீங்க!"

அதற்குமேல் திட்ட அவளால் முடியவில்லை. மூச்சுவிட முடியாத மனுஷனை எப்படித் திட்டுவது? அதையும் மாடிக்குக் கொண்டுபோய் அமுக்கி வைத்தாள்.

ஆனால் பார்க்க வருகிற லாரிக்காரக் கூட்டாளிகளில் யார் பையில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? அக்கா இப்போது தையல் மெஷினை அவர் அறைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அவள் கண் அவர் கையில்தான் இருக்கிறது.