ஹெட்லைட்டும் பதினொரு ரூபாயும்

முந்தாநாள் வாங்கிய அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. மிகைப்படுத்தவில்லை... நிஜம்!

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே ஒரே கார்தான். அது என்னுடைய பழைய கார். அதனால் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போகும். டிரைவர்? வேறு யார், நான்தான்!

போன வாரமும் போனேன். யாரோ கொளுத்திய சரவெடியில் எதிரே வந்த ஜட்காவின் குதிரை மிரண்டது. வண்டி என் கார்மேல் மோத, ஒரு ஹெட்லைட் தூள். மட்கார்டு நசுங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

ரிப்பேருக்கு நாற்பத்தைந்து ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். இன்ஷ்யூரன்ஸில் கேட்பதா, விடுவதா?

"இந்தச் சின்ன அடிக்குப் போய் கேட்டீங்கன்னா, வருஷா வருஷம் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி போயிடும். கைக்காசைப் போட்டு முடிங்க" என்றாள் என் மனைவி கமலா.

நான் விடுவேனா? பிரீமியம் கட்டுவது எதற்காம்? ஃபாரத்தை வரி விடாமல் நிரப்பி, ஏஜென்ட் தங்கவேலுவிடம் கொடுத்தேன். கோலார் தங்கவயல்காரர். எதற்கும் பதறாதவர். அவரே முந்தாநாள் ஃபாரமும் கையுமாக ஓடி வந்தார்.

"இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க? கல்யாண ஊர்வலமாம், தாம்பூலத்தோட பதினோரு ரூபா குடுத்தாங்களாம்!"

"நடந்ததைத்தானே எழுதினேன்? நல்ல காரியத்துல தாம்பூலத் தட்டை வேணாம்னு தள்ள முடியுமா?"

"நமக்கு அது மரியாதை சார். கம்பெனிக்கு அது வாடகை! சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினா பாலிசி செல்லாது. படிக்கலையா நீங்க?"

ஃபாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஹெட்லைட்டு கிடக்கட்டும். பக்கத்துல கேஸ்லைட்டு தூக்கினு வந்தாங்களே, அதுல ஒருத்தர் மேல உங்க கார் ஏறியிருந்தா? கம்பெனி கைய விரிச்சிடும். உங்க வீட்டை வித்துக் குடுத்தாலும் பத்தாது."

தலையில் விளக்குச் சுமையோடு காரை ஒட்டியே நடந்துவந்த அந்த நாலு பெண்களும் கண்முன் வந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை வேறு! மூன்று வருஷத்தில் எத்தனை ஊர்வலம்... ஒவ்வொன்றிலும் இதே போலத்தானே ஓட்டினேன்? நானோ நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"ஆபீஸ்ல இன்னும் குடுக்கல. அந்த வரியை அடிச்சிட்டுக் குடுக்கட்டா?" என்றார் தங்கவேலு.

"வேண்டாம். கிழிச்சுப் போடுங்க" என்றேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று கமலா ஆரம்பிப்பாள் என்று பார்த்தால், அவளே ஃபாரத்தை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

நேற்று பாலிசியை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். உங்களிடமும் ஒன்று இருக்குமே... பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள்?