சடைக்காரி அந்தரத்தில் நின்ற மதியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் அப்பாவும் அக்காவும் நானும் இருந்தோம். அம்மா இல்லை. தீபாவளி சீசன் என்பதால் சிவகாசி வெடிக் கம்பெனி வேன் ஞாயிறும் வந்து அவளை ஏற்றிப் போயிருந்தது.

அக்கா மாடியறையில், முன்பு ஜெயித்த பரிசில் வாங்கிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். ஆன்லைன் சண்டை விளையாட்டில் அப்போது அவள் நாட்டிலேயே மூன்றாவது இடம். எங்கள் ஆமத்தூரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் நம்பவில்லை. அன்று எதிரில் ஆடியவன் எங்கோ வடக்கே இருந்தான். அவனை வென்றால் அக்காவுக்கு பாங்காக் போக டிக்கெட்.

அவள் எப்போதும் ஆடுவது நீளச்சடைக்காரி ஒருத்தியைத்தான். சடையைச் சுழற்றி எழும்பினால், தரைக்கு வர மனசே இல்லாதவள் மாதிரி மிதப்பாள். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன்போல் பார்த்திருந்தேன். வடக்கத்தியான் மல்லாந்து விழுந்தான். திரை முழுக்கப் பொன்னிற எழுத்து. நான் படியிறங்கி ஓடினேன்.

“எப்பா, அக்கா ஜெயிச்சிருச்சு!”

“நெசமாவாலே?”

“ஆமாப்பா, அவன் விழுந்துட்டான்!”

ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும், முடிந்தது ஒன்றுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வருஷம் பூரா வெடி செய்கிற வீடு. தீபாவளிக்கே பேருக்குத்தான் கொளுத்துவோம். “பொம்பளப்பிள்ளைக்கு என்ன சண்ட” என்று போன வாரம்வரை முணங்கிய அப்பா, பத்தாயிரம் வாலா ஒன்று வாங்கி ஒளித்துவைத்திருந்தார். ஒரு நுனியை வேப்பங்கிளையில் கட்டி, மிச்சத்தைத் தெருவில் விரித்து, ஊதுபத்தியை வைத்தார்.

தெரு புகைக்குள் போய்விட்டது. சிவப்புக் காகிதம் மெல்ல மெல்ல இறங்கியது.

“என்ன மச்சான், பிள்ளைக்கு நிச்சயமா?” என்று எதிர்வீட்டு மாமா கத்தினார்.

“போய்யா, எம்மக பாங்காக் போறா!”

நான் மேலே ஓடினேன். திரையில் சடைக்காரி அந்தரத்தில் அப்படியே நின்றாள், ஒரு கால் நீட்டி, சடை வட்டமாக. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததேயில்லை. எனக்காகத்தான் அக்கா நிறுத்திவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அக்கா ஜன்னலுக்குப் போனாள். கிளைமேல் கிடந்த இன்டர்நெட் வயர் கருகி அறுந்து தொங்கியது. பத்து நிமிஷத்தில் திரும்ப வராவிட்டால் எதிராளிக்கே வெற்றி. போனில் நெட் எடுத்துப் பார்த்தாள். எங்கள் ஊர் சிக்னல் அதற்குப் போதவில்லை.

“ஏம்ப்பா அதுக்குள்ள வெடிச்சீக? இன்னும் ரெண்டு ஜெயிக்கணும்ல” என்றாள், சத்தம் போடாமல். கீழே அப்பா கையில் ஊதுபத்தி இன்னும் புகைந்தது.

அடுத்த வருஷம் அந்த விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. அதில் சடைக்காரி இல்லை. யாரை வைத்து ஆடினாலும் அக்காவின் விரல்கள் அவளையே தேடின. பட்டியலில் அக்கா பெயர் இறங்கி இறங்கி, ஒரு நாள் காணாமலே போனது.

அதெல்லாம் பிறகு. மறுநாள் காலையில் ஏணியோடு வந்த வயர்க்காரரிடம், “எல்லாம் பழையபடி சரியாக எம்புட்டுண்ணே ஆகும்?” என்று நான்தான் கேட்டேன்.

மேலேயிருந்தபடியே சொன்னார்:

“நானூத்தி அம்பது ரூவாடா தம்பி.”