மீதி சாரின் பதினொரு பிள்ளைகள்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மீதி சார். எந்தக் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினாலும் "மீதி எவ்வளவு?" என்பார். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு சட்டைதான் இருக்கிறது என்று நினைக்க வைக்கும் நான்கு சட்டைகள், ஒரு பழைய ஸ்கூட்டர். நான் அதே பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆசிரியர் அறையில் பதினாறு வருடமாக அவருக்கு எதிர் நாற்காலி. எனக்கு வாய் நீளம் என்று பெயர். அவருக்கு வாய் இருக்கிறதா என்பதே சிலருக்குச் சந்தேகம்.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் சும்மா கிடந்தது. பிரசவ விடுப்பில் போன பாட்டு டீச்சர் திரும்பவே இல்லை. தலைமையாசிரியை அந்தப் பீரியடை இவர் தலையில் கட்டினார். "பணம், சேமிப்புன்னு ஏதாவது சொல்லிக் குடுங்க சார். சத்தம் மட்டும் வெளியே வரக் கூடாது." நானாக இருந்தால் 'சேமிப்பின் அவசியம்' என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்திருப்பேன். இவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு உண்மையில் கிடைக்கிற சம்பளத்தில் ஒரு மாதம் குடும்பம் நடத்தித் தாளில் காட்ட வேண்டும்.

சம்பளத்தை அவரே ஆள் ஆளாகப் போய் விசாரித்தார். முடி வெட்டிக்கொண்டே முடிதிருத்துகிறவரிடம் கேட்டார். வரிசையில் நின்று வங்கிக் காசாளரிடம் கேட்டார். காசாளர் மேலாளரைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, "எங்க வீட்டுலயே சொன்னதில்ல சார்" என்று காதோடு சொல்லி அனுப்பினாள். மூன்று வாரத்தில் நாற்பது வேலைகளின் சம்பளம் அவரிடம் சேர்ந்துவிட்டது. கடைத்தெருவில் பாதிப் பேர் அவரைக் கண்டால் ஒதுங்கிப்போனார்கள்.

வகுப்பில் பைலட் ஆகிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். படிப்புச் செலவைப் பார்த்ததும் நான்கு பேர் தரையிறங்கிவிட்டார்கள். டாக்டர் ஆகப்போகிற பையன், படிக்கிற வருடங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தான். சார் தாளைத் திருப்பித் தந்தார்.

"அம்மாவுக்கு யார் தர்றாங்க?"

"அப்பா சார்."

"அப்பாவுக்கு?"

பையன் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறான். மறுநாள் அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாரிடம் ஒரே ஒரு சட்டம்தான். அதை வாரம் தவறாமல் சொல்வார். "வரவை விடச் செலவு ஜாஸ்தியா இருந்தா, எங்கேயிருந்தோ பணம் வருதுன்னு அர்த்தம். எங்கேயிருந்துன்னு எழுதாத தாளை என்கிட்ட கொண்டு வராதீங்க."

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் ஒரு பெண் அந்த வகுப்பில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதே 'ஏன்' என்றுதான். அவள் தேர்ந்தெடுத்த வேலை கணக்கு வாத்தியார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "யோசிச்சுத்தானே எழுதினே?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு அவரையே நிற்க வைத்து விசாரித்தாள். சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடனுக்கு மாதம் எவ்வளவு, வெளியூரில் படிக்கிற மகளின் விடுதிக் கட்டணம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு. அவரும் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனிதர் அதையும் சொல்லித் தொலைத்திருப்பார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வெளியே டியூஷன் எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரலாறு வாத்தியார் ஒருவரை இதற்காகப் பாதி வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படியும் மீதி சார் வாரத்தில் ஆறு நாள் மைத்துனி வீட்டு மாடியில் டியூஷன் எடுத்தார். நான் என் வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். இப்படி மொத்தம் ஆறு பேர். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியும், ஆனால் அதைப் பற்றி மூச்சு விட மாட்டோம்.

'ஏன்' கொண்டுவந்த தாளை அவர் ஆசிரியர் அறையில் எனக்குக் காட்டினார். சம்பளம் முப்பத்தெட்டாயிரம். செலவு ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு. துண்டு விழுவது பதினாலாயிரத்து முந்நூறு. அவள் தெருவில் விசாரித்திருக்கிறாள், டியூஷனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆயிரத்து முந்நூறாம். வகுத்துப் பார்த்து, வரவுப் பக்கத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தாள்: 'மாலை டியூஷன், 11 பிள்ளைகள்.' அப்போது மைத்துனி வீட்டு மாடியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர்தான். பெற்றோர் வருகிற நாளுக்காக எல்லாத் தாளையும் வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

"சார், இதைச் சுவர்ல ஒட்டாதீங்க."

"கணக்கு சரியா இருக்கு டீச்சர்."

"சரியா இருக்கிறதுதான் சார் பிரச்சினை."

"முப்பத்தெட்டுத் தாளை ஒட்டிட்டு இதை மட்டும் விட்டா ஏன்னு கேப்பா."

ஒட்டினார்.

பெற்றோர் வருகிற நாளில் நிர்வாகத் தலைவரும் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான், எதையும் விட்டுவிடாமல் படிப்பார் என்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டே வந்தார். தச்சர் வேலை எழுதிய பையனைத் தட்டிக்கொடுத்தார். 'ஏன்' எழுதிய தாளின் முன்னால் நின்றார். விரலை வைத்துக் கடைசி வரி வரைக்கும் இறங்கினார்.

"என்ன சார் இது? டியூஷன்னு போட்டிருக்கே பொண்ணு. நம்ம ஸ்கூல்ல அது கூடாதுன்னு தெரியாது போல."

தலைவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினார். கோபமே இல்லை.

"அந்த ஒரு வரியை அடிச்சிட்டு, ரெண்டு மார்க் குறைச்சுடுங்க. குழந்தைதானே, தப்பாப் போட்டிருக்கு."

எவ்வளவு சுலபமான வழி. ஒரு கோடு இழுத்தால் போதும், வேலை தப்பித்துவிடும். 'அடி சார், அடிச்சுத் தொலை' என்று என் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே என்று தேடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

சார் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"கணக்கு சரிங்க ஐயா."

"அந்த வரவு கூடாதே சார்."

"அது இல்லாம கணக்கு நேராகாதுங்க."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"எனக்கும் ஆகல."

தலைவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. எங்கள் பக்கம் திரும்பி, "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். டியூஷன் எடுக்கிற மற்ற ஐந்து பேரும் அப்போது அந்த அறையில்தான் நின்றோம். நான் பைலட்டின் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் எழுத்துப் பிழை நிறைய இருந்தது.

வேலை போகவில்லை. இருபத்தாறு வருடச் சர்வீஸைப் பார்த்து விட்டுவிட்டார்களாம். அந்த வருடச் சம்பள உயர்வை வெட்டினார்கள். இனிமேல் எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமைப் பீரியடைப் பறிக்கவில்லை, அதை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை 'ஏன்' ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"தாள்ல மார்க் என்ன போட்டிருக்கு?"

"முழு மார்க் சார்."

"அப்புறம் என்ன? வகுப்புக்குப் போ."

மாதா மாதம் விழுந்த பதினாலாயிரத்து முந்நூறு ரூபாய் ஓட்டையை அவர் இப்படி அடைத்தார். பதினைந்து வருடமாகக் கடன் கட்டிவருகிற சொந்த வீட்டை இருபத்திரண்டாயிரத்துக்கு வாடகைக்கு விட்டார். கோழிக்கடைக்குப் பின்னால் இரண்டு அறையை ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு, மனைவியோடு அங்கே போனார். பாக்கி ஆயிரத்து முந்நூறுக்காக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்து வர ஆரம்பித்தார். சாமான் ஏற்றுகிற அன்று நானும் போயிருந்தேன். அவர் மனைவி சமையலறை அலமாரிக் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "போன வருஷம்தான் போட்டோம் டீச்சர், புதுசு மாதிரி இருக்குல்ல?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் என் வீட்டுக்கு வந்தார், நடந்துதான். கையில் ஒரு தாள். பதினொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. 'பின்னம் வராது.' 'வரும், பயம்.' 'இவனிடம் கத்த வேண்டாம், அழுவான்.'

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. பாதியில விட்டுட்டேன் டீச்சர். எட்டாம் வகுப்புக் கணக்கு உங்களுக்கும் வரும்ல?"

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன்.

"ஒங்களுக்கு என் மேல வருத்தமே இல்லையா சார்?"

"இருக்கு," என்றார். "அந்த மூணாவது பையனுக்குக் கண்ணு சரியில்ல. முன்னால உக்கார வைங்க."

பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். சமையலறை போதாமல் இப்போது கூடத்தில் உட்கார வைக்கிறேன். அந்த மூன்றாவது பையன் முன்னால்தான் உட்காருகிறான். மாதம் பிறந்ததும் ஒவ்வொருவனும் உறையைக் கொண்டுவந்து நீட்டுகிறான். நான் வாங்கிக்கொள்கிறேன்.