குடி டாக்கா

பெட்டி "பொஞ்சாஷ் டாக்கா" என்று சொன்ன பிறகுதான் தேவம்மா விரலை எடுத்தாள். அதுவரை மல்லிகைச் சரத்தின் ஒரு நுனி வாங்க வந்த அம்மாள் கையிலும் மறு நுனி தேவம்மாவின் விரலிடுக்கிலும் இருந்தன. போனை நீட்டி "போட்டாச்சும்மா" என்று சொல்வதெல்லாம் அவளிடம் நடக்காது. போன ஆயுத பூஜைக்கு இரண்டு பெரிய மாலை வாங்கிக்கொண்டு, பணம் போனதாகப் படம் காட்டிவிட்டு நடையைக் கட்டிய கனவான் இன்னும் வந்தபாடில்லை. "சாமியே வந்து படங் காட்டுனாலும் பொட்டி சொல்லோணுங்க" என்பாள்.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து திரும்பும் இடத்தில், ஒரு பலகையும் இரண்டு கூடையும் ஈரச் சாக்கும்தான் அவள் கடை. ஊர் ஹனூர்ப் பக்கம். தமிழ் பேசினால் கொங்கு வாடை, கன்னடம் பேசினால் மண்டி வாடை. பேரம் பேசினால் எந்தப் பாஷையும் காதில் விழாது. எனக்கு மட்டும் முழத்துக்கு மேல் நாலு விரற்கடை விட்டு அளப்பாள். பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன். பேரம் பேசத் தெரியாத ஆள் என்ற இரக்கமாம்.

அது கிடக்கட்டும். மைசூரில் ஒரு பூக்கடைப் பெட்டி வங்காளி பேசுவானேன்?

முதலில் அதுவும் ஊரோடு ஒத்துக் கன்னடம்தான் பேசியது. வங்கியில் அவள் பெயரில் கணக்கு, அவள் பெயரில் சிம், ஒட்டுவதற்கு ஒரு சதுரப் படம், பணம் வந்தால் உரக்கச் சொல்ல ஒரு பெட்டி. எல்லாவற்றையும் ரூபா என்ற கம்பெனிப் பெண் வந்து பொருத்திக் கொடுத்தாள். வந்தது வினை. எதிர்ச் சாரி டீக்கடை பெஞ்சில்தான் தேவம்மாவின் கணவன் ஜடையன் உட்கார்ந்திருப்பான். மண்டியில் மூட்டை தூக்கியவன். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தப் பெஞ்சே கதி. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கையில் காசு தங்காதவன். தங்காத காசு பெரும்பாலும் தேவம்மாவுடையது.

பெட்டி "ஐவத்து ரூபாய்" என்னும். அவன் விரலை மடக்குவான். பொழுது சாய்ந்ததும் வந்து நின்று கணக்குச் சொல்வான். ஒரு ரூபாய் பிசகாது. அவன் போனுக்கு அனுப்பும்வரை நகரமாட்டான். ரொக்கமாக இருந்த காலத்தில் பூவுக்கடியில் வாழையிலை, வாழையிலைக்கு அடியில் இரண்டு நோட்டு என்று ஒளித்து வைத்தவள் அவள். "நோட்டுக்கு வாய் இல்லீங்க. இந்தக் கருமம் பிடிச்ச பொட்டிக்கு வாயி மட்டுந்தான் இருக்குது." சத்தத்தைக் குறைத்தும் பார்த்தாள். சந்தின் இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை.

மிச்சமில்லாததால் விடிந்ததும் பூ எடுக்க முதலுக்கு வட்டிக்காரனிடம் போவாள். காலையில் தொள்ளாயிரம், சாயந்திரம் ஆயிரமாகத் திருப்ப வேண்டும். தெருவோரக் கடைக்கு வங்கியே கடன் தரும். ஆனால் கணக்கில் வந்த பணம் வந்த வேகத்தில் ஓடாமல் கொஞ்ச மாதம் நிற்க வேண்டும் என்றார் வங்கி அம்மாள். அன்றைக்கே தேவம்மா ரூபாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "இந்தச் சந்துல ஒருத்தருக்கும் தெரியாத பாஷை எது கண்ணு?"

போனில் பெட்டியின் பாஷையை மாற்றும் இடத்தை ரூபா காட்டிக் கொடுத்தாள். வங்காளி எண்களை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. "வெலை எனக்குத் தெரியுமல்லங்க? நான் அம்பதுன்னு பூவைக் குடுத்தா அது பொஞ்சாஷ்ங்குது. அப்ப அதுதான அம்பது?" எதிர்ச் சாரியில் இருப்பவனுக்கு விலை தெரியாது. இருபது ரூபாய்க்குப் பெட்டி "குடி டாக்கா" என்கிறது. ஜடையனுக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். "பொட்டியே குடி குடிங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்று டீக்கடையில் நியாயம் கேட்டானாம். தேவம்மா இதைச் சொல்லிச் சிரித்தபோது சரம் கட்டும் நூல் கைநழுவிப் போயிற்று.

வரமகாலட்சுமி நோன்புக்கு முதல் நாள் போயிருந்தேன். பூ நெருப்பு விலை, சந்தில் கால் வைக்க இடமில்லை. அடுத்த வாரம் கணக்கைப் பார்த்துவிட்டுக் கடனைச் சொல்கிறேன் என்றிருக்கிறார் வங்கி அம்மாள். "இன்னிக்கு வாரது கணக்குல நின்னுருச்சுன்னா போதுங்க" என்று சொல்லிக்கொண்டே எனக்கு அளந்தாள். எதிர்ச் சாரியில் ஜடையன் பக்கத்தில் தபன். மாடி நகைப்பட்டறையில் வேலை செய்கிற வங்காளத்து ஆசாரி. ஜடையன் தன் காசில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏக்ஷோ டாக்கா" என்றது பெட்டி.

"நூறு!" என்றான் ஜடையன் பெஞ்சிலிருந்தே.

"குடி டாக்கா."

"இருபது!" எழுந்து சந்தைக் கடந்து வந்தான். முகமெல்லாம் பல். "ஏ புள்ள, உன்ற வங்காளம் இனி எங்கிட்டச் செல்லாது. சாயந்திரம் கணக்கை நாஞ் சொல்றேன், கேட்டுக்க."

இத்தனை மாதத்துப் பாடு ஒரு கிளாஸ் டீயில் போயிற்றே என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. தேவம்மா பாதி அளந்த சரத்தை ஈரச் சாக்கில் வைத்தாள். "ஸ்வல்ப நில்லுங்க" என்றாள் என்னிடம். முந்தானையில் கையைத் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து, திரையைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் அழுத்தினாள். பிறகு சரத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து அளந்து, நாலு விரற்கடை சேர்த்து, ஒரு நுனியை என் கையில் கொடுத்தாள்.

நான் பணத்தைப் போட்டேன். பெட்டி என்னவோ சொன்னது. கன்னடமில்லை, தமிழில்லை, இந்தியில்லை, வங்காளியுமில்லை. ஜடையன் திரும்பித் தபனைப் பார்த்தான். தபன் டீ கிளாஸோடு இரண்டு கையையும் விரித்தான்.

தேவம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சரத்தின் மறு நுனியைப் பிடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. ஒரு முறை, மறுபடி ஒரு முறை. அப்புறம்தான் விரலை எடுத்தாள்.