காருக்குள் சொன்னது

கோணேஸ்வரன் கட்டாருக்குப் புறப்பட்டது ஆடி அமாவாசைக்கு மறுநாள். தீர்த்தத்துக்கு வந்த சனம் இன்னும் ஊர் திரும்பி முடியவில்லை. திருகோணமலை பஸ் நிலையம் நெரிந்துகொண்டிருந்தது. கொழும்பு பஸ்ஸில் பையை ஏற்றிவிட்டு அவன் மனைவியிடம் வரவில்லை. காரிடம் போனான். கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே புதிதாகப் பூட்டியிருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"பச்சை லைற் எரியுது. சரி. அவசரமெண்டா இந்தச் சிவப்புப் பொத்தானை அமத்தும். கொழும்பில இருந்து ஆள் கதைக்கும். அமத்த ஏலாமப் போனாலும் பயமில்லை. கார் அடிபட்டா அதுவாவே கூப்பிடும்."

"நீங்கள் என்னட்டச் சொல்லிப்போட்டுப் போறியளோ, பெட்டியிட்டச் சொல்லிப்போட்டுப் போறியளோ?"

"ரெண்டு பேரிட்டயும்தான்."

குணேஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பெட்டிக்குள் போயிருக்கும் என்று பிறகொரு நாள் நினைத்தபோது அவளுக்கு வாய் கசந்தது.

பாலையூற்றில் வாடகைக்குக் கார் ஓட்டி ஹயர் போகும் ஒரே பெண் அவள்தான். முன்பு ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் "அந்தக் கிளினிக்குக்கு ஆம்பிளையள்ர ஓட்டோவில போக வெக்கமா இருக்கு ரீச்சர்" என்று சொல்லச் சொல்ல, படிப்பிப்பதை விட்டுவிட்டுக் கார் ஓட்டத் தொடங்கினாள். நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு, கோட்டு வழக்குக்கு, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு. ஏறிக் கதவைச் சாத்தியதும் பேசத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசுவார்கள். யாராவது அழுதால் குணேஸ்வரி உட்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு, வெளிக்கண்ணாடிகளை மட்டும் பார்த்து ஓட்டுவாள். ஒருத்தியின் கதையை அவள் இன்னொருத்தியிடம் கொண்டுபோனதில்லை. அவளுடைய தொழில் அதில்தான் ஓடியது, பெட்ரோலில் அல்ல.

கிண்ணியாவைச் சேர்ந்த பல்கீஸும் அப்படி வந்தவள்தான். மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்குக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. மகள் அப்ராவுக்கு மூதூரில் ஒரு மாப்பிள்ளை வீடு சரிவந்துகொண்டிருந்த நேரம். சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில்தான் வாயைத் திறந்தாள். "புத்துநோயாம் தங்கச்சி. வெட்டோணுமாம். அப்ராட கலியாணம் முடியும் மட்டும் ஒருத்தருக்கும் தெரியப்படா. எண்ட மாப்பிள்ளை, அப்ராட வாப்பா, அவருக்கும் தெரியா. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

குணேஸ்வரி கண்ணாடியை மேலே திருப்பினாள்.

தம்பலகாமத்தை நெருங்கும்போது பொழுது மங்கிவிட்டது. வளைவில் யானை ஒன்று தெருவின் குறுக்கே, தன் வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல் நின்றது. குணேஸ்வரி பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் வாய்க்காலுக்குள் சரிந்து மூக்குக் குத்தி நின்றது. அவளுடைய கை ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. பல்கீஸ் பின்னால் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பெட்டி பேசியது.

"மிஸ், கேக்குதா? நீங்க நிக்கிற இடம் எங்களுக்குத் தெரியுது. வெளிய இறங்காதீங்க. பொலிசுக்குச் சொல்லிட்டம்."

சொன்னபடியே பொலிஸ் வந்தது. வயலிலிருந்து உழவு இயந்திரத்தோடு ஆட்களும் வந்தார்கள். காரைக் கயிறு கட்டி இழுத்தெடுக்கும்போது பல்கீஸ் குனிந்து அந்தப் பெட்டியைத் தடவிக்கொடுத்தாள்.

"இது மட்டும் இல்லாட்டி ரெண்டு பேரும் மௌத்து தங்கச்சி."

குணேஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாள். கைக்கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் கோணேஸ்வரனிடம், "நீங்கள் பூட்டினது நல்லதாப் போச்சு" என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பல்கீஸ் போன் எடுத்தாள். ஸலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"இண்டைக்கு ஜும்ஆக்குப் பொறகு எங்கட பள்ளியில எண்ட பேரைச் சொல்லித் துஆக் கேட்டாங்க. புத்துநோய்க்கு ஒப்பரேசன் செய்யப் போற பல்கீஸ் எண்டு, மைக்ல. ஊரே ஆமீன் சொல்லிச்சு. அப்ரா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு கேட்டாள். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குச் சொல்லல்லயா உம்மா எண்டு கேட்டாள். அதுக்குப் பொறகு என்னோட கதைக்கிறாளில்ல."

"ராத்தா, நான்..."

"நான் உங்கட காருக்குள்ள மட்டும்தான் சொன்னது தங்கச்சி."

போன் வைக்கப்பட்டது. குணேஸ்வரி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். யாரிடம் சொன்னேன் என்று தன்னையே குடைந்தாள். ஒருவரிடமும் இல்லை. காருக்குள் இருந்தது மூன்றே பேர்: அவள், பல்கீஸ், பெட்டி.

பெட்டியைப் பூட்டியவன் கோணேஸ்வரன். பின்னேரம் அவன் எடுத்தபோது நேரே கேட்டாள். "பல்கீஸ் ராத்தாட விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன், அவவுக்கு எப்பிடி இருக்கு இப்ப? பாவம். என்ரை அறையில இருக்கிற முனீப் கிண்ணியாதானே. உங்கட ஆள் ஒராளுக்குச் சுகமில்லை, ஒரு துஆக் கேளுங்கோ எண்டனான். உடனேயே ஊர்ப் பள்ளிக்கு வொயிஸ் போட்டு விட்டவன். தங்கமான பெடியன்."

"எப்பிடித் தெரியும் எண்டு கேட்டனான்."

 அவன் குழைந்துகொண்டு சொன்னான். "போனில கேக்கலாம் குணம். கார் ஓடேக்க உள்ளுக்கை கதைக்கிறது எல்லாம் பெட்டியில பதிஞ்சு என்ரை போனுக்கு வரும். வேலை முடிஞ்சு வந்து படுக்கேக்க போட்டுக் கேப்பன். உம்மட சத்தம் காதில விழுந்தாத்தான் எனக்கு நித்திரை வருது."

"எப்ப தொடக்கம்?"

"வந்த நாள் தொடக்கம்."

 அவளுக்குச் சாப்பிட்ட வாய்க்குள் யாருடையதோ மயிர் அகப்பட்டதுபோல் இருந்தது. தனியே ஓடும்போது பாடியது, ஏப்பம் விட்டது, மாமியாரைத் திட்டியது, சிக்னலில் நின்று தனக்குத்தானே புலம்பியது எல்லாம் அவன் தலையணையில் கிடந்திருக்கிறது. அதைக்கூடப் பொறுக்கலாம். நிலாவெளியில் புதிதாகக் கலியாணம் செய்த ஒருத்தி படுக்கையறையில் தான் படும் பாட்டைச் சொல்லி அழுதாளே, அவள்? வயிற்றில் கரு கலைந்துபோனதைப் பற்றி நாலு வார்த்தை மட்டும் சொன்ன அந்தப் பள்ளிக்கூட ரீச்சர்? கண்ணாடியைத் திருப்பிவிட்டுத் தான் பெரிய மரியாதை செய்ததாக நினைத்த அத்தனை நேரமும், அந்தப் பெண்கள் அவளுடைய புருசனின் காதுக்குள் அல்லவா அழுதிருக்கிறார்கள்.

"கெட்ட எண்ணம் ஒண்டும் இல்லை குணம்."

"அதுதான் அருவருப்பா இருக்கு. கெட்ட எண்ணமெண்டாத் திட்டலாம். நீங்கள் துஆவெல்லோ கேட்டிருக்கிறியள்."

பெட்டிக் கொம்பனிக்குப் போன் எடுத்தாள். தேன் தடவிய குரலில் ஒரு பெண்பிள்ளை கதைத்தது. "உங்கட பாதுகாப்புக்காகத்தான் மிஸ். பெட்டி அவர்ட பேர்ல இருக்கு. அவர் ஓகே குடுத்திருக்கார்."

"ஏறின பொம்பிளையள் ஓகே குடுத்தவையோ?"

"அது... காருக்குள்ள ஒரு ஸ்ரிக்கர் ஒட்டச் சொல்லித் தந்திருப்பமே மிஸ்."

ஸ்ரிக்கர் கோணேஸ்வரனின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. கார் வடிவு கெட்டுப்போகும் என்று ஒட்டாமல் விட்டானாம். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கொம்பனிக்கு அவனையே கதைக்க வைத்தாள். அதே பிள்ளை திரும்ப எடுத்துச் சொன்னது: "அழிச்சாச்சு மிஸ். ஒண்டுமே இல்ல இப்ப."

உட்துறைமுக வீதியில் கராஜ் வைத்திருக்கும் ஹஸன் பெட்டியைக் கழற்றினான்.

"உயிரைக் காப்பாத்தின சாமானை ஆரும் கழட்டுவாங்களா அக்கா? சரி, உங்கட போன் மட்டும் காதை மூடிக்கொண்டா இருக்கு?"

"போனை வீட்டில விட்டிட்டுப் போகலாம் ஹஸன். ஏறின ஆக்களை விட்டிட்டு ஓட ஏலாது."

"அடுத்த யானைக்கு என்ன செய்வீங்க?"

 தம்பலகாமம் தாண்டும்போதெல்லாம் இப்போது அவள் இரண்டாம் கியரில்தான் ஊர்வாள். ஆனாலும் பெட்டியை ஒரு பேப்பரில் சுற்றித்தான் வாங்கினாள், கை படாமல்.

பல்கீஸின் வீட்டுக்கும் நிலாவெளிப் பெண்ணின் வீட்டுக்கும் ரீச்சரின் வீட்டுக்கும் தானே போய் நடந்ததைச் சொன்னாள். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. ஏறிய மற்றவர்களும் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தார்கள். அப்ராவைக் கேட்ட மூதூர்க்காரர் "பாப்பம்" என்றார்கள். பிறகு வேறிடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். பல்கீஸ் ஒப்பரேசனுக்குப் பஸ்ஸில் போய் வந்ததாகக் கேள்விப்பட்டாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு நாள் புது நம்பரிலிருந்து அழைப்பு. "அன்ரி, நான் அப்ரா. உம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு போகோணும். பஸ்ல இனி ஏலாதாம். அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?"

"இல்லை மகள்."

கிண்ணியாவில் பல்கீஸ் பாதியாக மெலிந்து நின்றாள். ஏறுமுன் முன்கதவைத் திறந்து, பெட்டி இருந்த இடத்திலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். விரலைத் துடைத்துக்கொண்டு பின்சீற்றில் ஏறினாள். அப்ரா முன்னால் இருந்தாள். பாலத்தின் நடுவில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பல்கீஸ் மெல்லத் தொடங்கினாள்.

"தங்கச்சி, டொக்டர் போன முறை ஒண்டு சொன்னவர்..."

குணேஸ்வரி கண்ணாடியை மேலே திருப்பினாள். கியர்க் கட்டையின் அருகில் போன் சிணுங்கியது.

"மெசேஜ் ஒண்டு அன்ரி."

"அவராத்தான் இருக்கும். வாசி மகள்."

அப்ரா எடுத்து உரக்க வாசித்தாள்.

"அன்பான வாடிக்கையாளரே, உங்களைப் பிரிந்திருப்பது எங்களுக்குக் கவலையாக உள்ளது. இந்த மாதமே மீண்டும் எங்களுடன் இணையுங்கள். உங்கள் பழைய பயணங்களும் உரையாடல்களும் ஒன்றுகூடக் குறையாமல் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன."