ஹம்சிகாவின் நண்டு

நாகேந்திரம் முப்பத்தொரு வருடம் துறைமுகச் சரக்குகளைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர். கொச்சிக்கடையில் இருந்த ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் எழுதுவினைஞர். திறந்து பார்க்காத பெட்டிக்கு அவர் கையெழுத்து வைக்கமாட்டார் என்பதால் லொறிச் சாரதிகளுக்கு அவரைப் பிடிக்காது. மேலதிகாரிகளுக்கும் பெரிதாகப் பிடித்ததில்லை. அது நேர்மையா, வெறும் பழக்கமா என்று அவர் ஒருபோதும் யோசித்ததில்லை. யோசிக்கவேண்டிய தேவை அறுபத்தாறு வயதில்தான் வந்தது.

ஓய்வுபெற்றபின் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் மனைவி றஞ்சிதத்தோடும் ஒரே மகள் ஹம்சிகாவோடும் இருந்தார். மகளுக்குக் கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை. தாய் வறுத்து இடிப்பித்த மிளகாய்த்தூளைப் பைகளில் அடைத்து, சனி ஞாயிறுகளில் தெரிந்த வீடுகளுக்கு விற்றாள். பைக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். ஒரு கிழமையில் படம் வந்தது, பைகளிலும் அவளுடைய பேஸ்புக்கிலும் ஏறியது. கொடுக்கில் காய்ந்த செத்தல் மிளகாயைப் பிடித்திருக்கும் ஒரு சிவப்பு நண்டு. இடப்பக்கம் நான்கு கால், வலப்பக்கம் மூன்று.

"ஒரு காலை விட்டிட்டியேடி," என்றாள் தாய்.

"நொண்டி நண்டம்மா. அதுக்கும் பசிக்கும்தானே."

கீறியது நீயா என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சிறுவயதில் சுவரெல்லாம் படம் கீறியவள்தானே.

சென்ற வருடம் ஜூனில் டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் ஹம்சிகா இறந்தாள். வயது இருபத்தேழு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் அந்த நண்டைப் போட்டார்கள். கீழே, றஞ்சிதம் சொல்லச் சொல்ல நாகேந்திரம் எழுதிய வரி: 'எங்கள் செல்வம் தன் கைப்படக் கீறிய கடைசிச் சித்திரம்.'

றஞ்சிதம் தூள் இடிப்பிப்பதை நிறுத்தவில்லை. நண்டு ஒட்டிய பைகள் நாற்பது வீடுகளுக்குத் தொடர்ந்து போயின. இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் சட்டத்தரணிகளிடமிருந்து கடிதம் வந்தது. அதே போன்ற நண்டைத் தங்கள் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பித்திருப்பதாகவும், நாகேந்திரம் குடும்பம் உடனே பாவனையை நிறுத்தவேண்டும் என்றும் அதில் இருந்தது.

அவர் சுரேகா என்ற இளம் சட்டத்தரணியிடம் போனார். அவள் பையில் இருந்த நண்டையும் கடிதத்தோடு வந்த நண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், இதை ஆர் கீறினது?"

"என்ர மகள். இதில போட்டிருக்கு." நினைவு மலரை நீட்டினார்.

"அப்பிடியெண்டால் ஒரு வழி இருக்கு. மனுசர் கீறின படத்தில கீறினவருக்கு உரிமை. அவருக்குப் பிறகு உங்களுக்கு. அவையின்ர பதிவை எதிர்க்கலாம். கீறின தாள் இருந்தால் தேடி எடுங்கோ. மற்றது, மகள்தான் கீறினவள் எண்டு உங்கட பேரில ஒரு சத்தியக்கடதாசி முடிக்கோணும்."

"முந்தியே பாவிச்சனாங்கள் எண்டு சொல்லேலாதோ?"

"சொல்லலாம். ஆனால் நாற்பது வீடு, ஒரு பில்லும் இல்லை. அதை மட்டும் வைச்சுக்கொண்டு நிக்கேலாது." அவள் நண்டுகளை மறுபடி பார்த்தாள். "ஏஐயிட்டக் கேட்டு எடுத்ததில்லைத்தானே? அப்பிடியெண்டால் கஷ்டம். கீறின ஆள் எண்டு காட்ட ஒருத்தர் இல்லை. அவைக்கும் அது இதே நண்டைக் குடுத்திருக்கலாம். அவை உங்கட பேஸ்புக்கில இருந்து எடுத்திருந்தாலும், இது என்ர எண்டு சொல்ல ஆளில்லை."

"சீச்சீ, அவள் கையால கீறினது. பாருங்கோ, அவையின்ர நண்டுக்கும் வலப்பக்கம் மூண்டு கால்தான்!"

வீட்டில் இதைச் சொன்னபோது றஞ்சிதம் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். "களவெடுத்தவன் நொண்டிக் காலோடயே களவெடுத்திருக்கிறான். என்ர பிள்ளை பிடிச்சுக் குடுத்திட்டாள் பாத்தியளே."

அடுத்த நாள் காலை அவள் கோயிலுக்குப் போனபின், தாள் எங்கேயும் கிடைக்காமல், நாகேந்திரம் மகளின் மடிக்கணினியைத் திறந்தார். நண்டு என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. உள்ளே நாற்பத்தொரு நண்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே அவள் ஏஐ இயந்திரத்துக்கு எழுதிய ஆங்கில வரிகள்.

சிரிக்கும் நண்டு வேண்டாம். கோபமும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் வயதானது. முப்பத்தெட்டாவதில் எழுதியிருந்தாள்: 'மிளகாயைக் கடித்துவிட்டு உறைக்கவே இல்லை என்று நடிக்கிற முகம். எங்கள் அப்பா அப்படித்தான் இருப்பார்.' நாற்பத்தோராவதுதான் பையில் இருந்த நண்டு.

அவர் அந்த வரியை எத்தனை தரம் வாசித்தார் என்று தெரியாது. கோயிலுக்குப் போனவள் திரும்பிவந்து கதவைத் தட்டும்வரை வாசித்தார்.

கீறியது மகள் இல்லை. ஆனால் நாற்பது நண்டுகளை வேண்டாம் என்று தள்ளியது அவள். எது சரி, எது சரியில்லை என்று கடைசிவரை அறிந்திருந்தது அவள் மட்டும். அதைச் செய்தல் என்று சொல்லலாமா? சட்டத்துக்குக் கை வேண்டும். அது கொடூரமான சட்டம் என்று சொல்வதற்கில்லை. எல்லைக்கல் ஒன்றை எங்கேயாவது நட்டுத்தான் ஆகவேண்டும். இந்த வீட்டில் அது பிள்ளைக்கும் பிள்ளையின் நண்டுக்கும் நடுவே விழுந்தது.

சுரேகாவிடம் போய், "பிள்ளை, நான் சத்தியக்கடதாசியில கையெழுத்து வைக்கேலாது," என்றார். காரணத்தையும் சொன்னார்.

அவள் வாதாடவில்லை. "அப்ப படத்தை விடுறதுதான் பாதுகாப்பு. அன்ட்டிக்குச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லை. அவள் அந்தப் படத்தைத் தடவிப்போட்டுத்தான் படுக்கிறவள். பிள்ளையின்ர விரல் பட்ட இடம் எண்டு."

"அப்ப என்ன சொல்லுவீங்கள்?"

அவர் மேசையில் கிடந்த நினைவு மலரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று பின்னேரம் றஞ்சிதம் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இனி நண்டைப் போடமுடியாது, வழக்கை விட்டுவிட்டேன் என்றார்.

"ஏன்?"

"பெரிய கொம்பனி. ஏலாது."

"ஏலாதோ? பேர் போட்டு அச்சடிச்ச புத்தகம் இருக்கு, நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கேலாதோ? துறைமுகத்துக்க எல்லாரோடயும் சண்டை பிடிச்ச மனுசன்!"

அவர் சரிந்த ஒரு பையை எடுத்து அடுக்கில் வைத்தார்.

"பயந்திட்டியள், என்ன?"

"ஓம்," என்றார். "பயந்திட்டன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் வெறுப்புக்கூட இல்லை. மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் செய்தது சரி என்று சொல்வது கடினம். அந்த முப்பத்தெட்டாவது நண்டின் வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். அவளும் அழுது, பிறகு ஒருநாள் சிரித்திருக்கக்கூடும். அந்த வாய்ப்பை அவளிடமிருந்து எடுத்தவர் அவர்தான்.

ஓகஸ்டில் இருவரும் காலி வீதியில் உள்ள சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனார்கள். மசாலாத் தட்டில் அந்த நிறுவனத்தின் பைகள் புதிதாக வந்திருந்தன. இரண்டு வரிசை நண்டுகள். றஞ்சிதம் அவற்றின் முன்னால் நின்று, ஒவ்வொரு பையாக எடுத்து, நண்டின் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைக்கத் தொடங்கினாள். கடைப் பெண் ஒருத்தி வந்து சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டாள். றஞ்சிதம் திரும்பவில்லை. நாகேந்திரம் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, கூடையைக் கீழே வைத்து, மனைவிக்கு எட்டாத மேல்தட்டுப் பைகளைத் தானே திருப்பி வைத்தார்.